கடலுக்குப் பக்கத்தில் ஒரு கடல் தொட்டி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற மணல் துண்டில்தான் வீடு, வளவு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம். இப்படியொரு இடத்தில் இருந்துகொண்டு ஹோலில் கடல் நீர்த் தொட்டி வைத்தால் வருகிறவர்கள் கேட்காமல் இருப்பார்களா? “கடல் அங்க கிடக்கு, அத ஏன் வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கிங்க?” இது முதல் கேள்வி. இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஆசை, அவ்வளவுதான். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: “அப்ப உங்களுக்கு எல்லாம் சும்மாதானே? தண்ணி சும்மா, கல்லு சும்மா, மீன் சும்மா!”

அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. கடல் எனக்குச் சும்மா தந்தது தண்ணீரை மட்டும். அதையும் வருடத்தில் பாதிக்காலம்தான் தந்தது. மற்றதெல்லாம் வளவுக்குள் செய்தது, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, அல்லது பொறுத்திருக்கத் தானாக வந்தது. கொழும்பில் தொட்டி வைப்பவருக்கும் மட்டக்களப்பில் வைப்பவருக்கும் உள்ள வித்தியாசம் கடல் எவ்வளவு கிட்ட என்பதில் இல்லை. காற்றிலும் வெயிலிலும் மழையிலும் இருக்கிறது. இங்கே கடல் தொட்டி வைத்தவன் கச்சான் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

தொட்டி 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 16 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 113 லீற்றர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டு மேலே கொஞ்சம் இடமும் விட்டால் தண்ணீர் 95 லீற்றர் அளவில் நிற்கும். கடல் தொட்டிக் கணக்கில் இது சின்னது. “சின்னதாத் தொடங்கிப் பழகுவம்” என்று பலரும் நினைப்பார்கள். நன்னீர்த் தொட்டியில் அது சரிவரலாம், கடல் தொட்டியில் நேர் எதிர். முருகைக்கல்லோரம் (பவளப்பாறையோரம்) வாழும் உயிர்கள் சட்டென்ற மாற்றத்துக்குப் பழகாதவை. அங்கே உப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், சூடு ஒரு நாளுக்குள் பெரிதாக ஏறி இறங்காது, ஒரு மீன் செத்தால் கடலுக்கு அது தெரியவும் தெரியாது. 95 லீற்றரில் ஒரு மீன் கல்லிடுக்கில் செத்துக் கிடந்தால் மறுநாள் காலை மிச்ச உயிர்களுக்கும் ஆபத்து. நாலடித் தொட்டி பிழை பொறுக்கும், இரண்டடித் தொட்டி பொறுக்காது. தெரிந்தேதான் இரண்டடியை எடுத்தேன். கரண்ட் பில் கட்டுவதும் நான்தான், தண்ணீர்க் கேன் தூக்குவதும் நான்தான்.

தண்ணீர், கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தொடும். டிவி வைக்கிற ராக்கை நம்பவேண்டாம். அந்தப் பலகை ஈரம் பட்டதும் ஊதிப்போகும். சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பாலைப் பலகை போட்டு, மேசன்மார் பாவிக்கிற மட்டக்குழாயால் மட்டம் பார்த்து, ஒரு ரப்பர் விரிப்பின்மேல் தொட்டியை வைத்தோம். அதோடு அந்த வேலை முடிந்தது.

கல் விஷயம் அப்படி முடிகிற ஒன்று இல்லை. கடல் தொட்டி என்றதும் எல்லோர் கண்ணுக்குள்ளும் வருவது முருகைக்கல். என் தொட்டியில் முருகைக்கல் கிடையாது. உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. நம் நாட்டில் கல் முருகை இனங்கள் அத்தனையும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. உடைக்கவோ, எடுக்கவோ, விற்கவோ முடியாது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதென்றாலும் அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டாது. “பாசிக்குடாக் கரையில ஒதுங்கிக் கிடக்கிற செத்த துண்டை எடுத்தா யாருக்கு நட்டம்?” என்று கேட்ட நண்பர்கள் உண்டு. கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பு எடுத்த காலத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். செத்த கல்லில்தான் அடுத்த தலைமுறை முருகைக் குஞ்சு வந்து ஒட்டும். ஒட்ட இடம் வேண்டாமா?

சட்டம் இல்லையென்று வைத்துக்கொண்டாலும் நான் வைத்திருக்க மாட்டேன். முருகை உயிரின் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சமைப்பதைத்தான் முருகை பெரும்பாலும் சாப்பிடுகிறது. கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடிச் சில வாரம் நின்றால் போதும், முருகை அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998 இல் உலகம் முழுக்க நடந்தது அதுதான். 2016 இலும் நடந்தது, 2024 இலும் நடந்தது. ஒரு பாகையைத் தாங்காத உயிரை, ஆடி மாதத்தில் ஓட்டுக்கூரையின் கீழ், எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத வீட்டில், 95 லீற்றருக்குள் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தக் கரையிலேயே காயங்கேணியின் முருகைப் பகுதியைக் கடல்சார் சரணாலயமாக 2019 இல் அறிவித்தார்கள். முருகை அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் கல் இல்லாமல் கடல் தொட்டி இல்லை. மீனுக்கு ஒளிவிடம் அதுதான், தண்ணீரைச் சுத்திகரிப்பதும் அதுதான். எனவே கல்லை நானே வார்த்தேன். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு உடைத்த சிப்பி, இரண்டு பங்கு கல்லுப்பு. சிப்பிக்குக் கோழித்தீன் கடைக்குப் போங்கள். முட்டைக் கோழிக்கு ஓடு உறுதியாக இருக்கவென்று உடைத்து மூட்டையில் வைத்திருப்பார்கள். அதுவும் கல்சியம் காபனேற்று, முருகைக்கல்லும் கல்சியம் காபனேற்று. கல்லுப்பு எதற்கென்றால், கல் இறுகிய பிறகு அது கரைந்துபோய்த் துளைகளை விட்டுவைக்கும். அந்தத் துளைகளில்தான் பின்னால் பக்டீரியா குடியேறும். தண்ணீரை ஊற்றக்கூடாது, தெளிக்கவேண்டும். கலவை புட்டுக்குக் குழைத்த மா போல, பிடித்தால் பிடியாக நிற்கவும் விரலால் அழுத்தினால் உதிரவும் வேண்டும். தண்ணீர் கூடினால் உப்பு அப்போதே கரைந்து துளையில்லாத வெறும் கட்டிதான் மிஞ்சும்.

அச்சுக்குச் செலவே இல்லை, கல்லடி வளவு முழுக்க மணல். தண்ணீர் தெளித்து இறுக்கிய மணலில் கையால் கோணல்மாணலாகக் குழி தோண்டினேன். கலவையைப் போட்டு, அதற்குள் இடையிடையே ஈர மணல் உருண்டைகளைப் புதைத்து, மேலே மணலால் மூடிவிட்டேன். உருண்டை இருந்த இடமெல்லாம் பிறகு குகை. சில நாள் கழித்துக் கிண்டியெடுத்துக் கழுவினால் சாம்பல் நிறத்தில் முண்டுமுண்டாகக் கல் வரும். அழகென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. “இதையா தொட்டிக்குள்ள வைக்கப்போறீங்க?” என்று மகள் கேட்டாள்.

அதை அப்படியே வைக்கவும் முடியாது. புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். கல் கிடக்கிற தண்ணீரின் பீஎச் 12 வரை போகும். கடல் நீருக்கு வேண்டியது 8.1 முதல் 8.3 வரை. கல்லை நீலப் பீப்பாயில் போட்டு, தண்ணீர் நிரப்பி, வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு மாதமாவது எடுக்கும். மாற்றிய தண்ணீர் சில நாள் நின்ற பிறகும் பீஎச் 8.5 ஐத் தாண்டவில்லை என்றால் கல் தயார். அவசரக்காரர்கள் வினாகிரி ஊற்றுகிறார்கள். அது மேற்பரப்பை மட்டும் சரிக்கட்டும், கூடவே சிப்பியையும் அரிக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு பிறகு மெல்ல வெளியே வரும். பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையில் காய்ந்த கல் விற்கிறது, விலை கேட்டால் பொறுமை வந்துவிடும்.

அடியில் போடும் மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். இந்தக் கரையின் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், பீஎச்சைத் தாங்கிப் பிடிக்க அதற்குத் தெரியாது. கல்சியம் மணலைப் பைக்கற்றில்தான் வாங்கினேன்.

இனித் தண்ணீர். வாளியைத் தூக்கிக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போய் அலைவாயில் அள்ளினால் கிடைப்பது மணலும் கரையோர அழுக்கும் கலந்த தண்ணீர். முகத்துவாரப் பக்கம் அள்ளினால் பாதி வாவி. எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் கடற்றொழில் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை, கடல் அமைதியாய் இருக்கும் நாட்களில், தண்ணீரின் நிறம் கடும் நீலமாக மாறுகிற தூரத்தில் என் 20 லீற்றர் கேன்களை நிரப்பிக்கொண்டு வருவார். கேன்கள் குடிநீர்க் கேன்கள். எண்ணெய் இருந்த கேன் எத்தனை முறை கழுவினாலும் உதவாது. அந்தத் தண்ணீரை உடனே தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர் உண்டு. இரண்டு வாரம் மூடி இருட்டில் வைத்தால் அவை செத்து அடியில் படியும். மேல் தண்ணீரைத் துணியால் வடித்து, ஒரு நாள் முழுக்கக் காற்றுக் குழாய் விட்டு, பிறகுதான் பாவிப்பேன்.

உப்பை அளக்க மிதக்கும் அளவுகோலை நம்பவில்லை. ரிஃப்ராக்டோமீற்றர் என்ற சின்னக் குழல் இருக்கிறது. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, யன்னல் பக்கம் திருப்பிக் கண்ணருகே வைத்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு ஒரு எண்ணில் நிற்கும். வேண்டிய எண் ஆயிரத்துக்கு 35. இங்கே ஆழ்கடல் தண்ணீரும் எப்போதும் அதைக் காட்டுவதில்லை. வங்காள விரிகுடாவுக்குள் கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கொட்டுவதால் அதன் மேல்தண்ணீர் உப்புக் குறைந்தது. வாடைக்காலத்தில் அந்த நீரோட்டம் தெற்கே இறங்கி நம் கரையோரமாகப் போகும். குறைவதைக் கொஞ்சம் உப்புக் கலவை போட்டு நிரவிக்கொள்வேன்.

மழை தொடங்கினால் இந்த வசதியும் இல்லை. எங்கள் வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்க்கும். வயல் தண்ணீர், உரம், களைநாசினி, பட்டணத்துக் கான் தண்ணீர் எல்லாம் வாவிக்கு இறங்கும். வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், கடல் பல நாளுக்குத் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும். அண்ணன் முதல் வருடமே சொல்லிவிட்டார்: “மழ துவங்கினாப் பொறகு இந்தத் தண்ணி ஒண்டுக்கும் ஆகா, தம்பி. மீனே அங்கால போயிடும்.”

அந்த மாதங்களில் கடையில் வாங்கும் கடல் உப்புக் கலவைதான். 100 லீற்றருக்கு 3.8 கிலோ அளவில் வேண்டும். கறியுப்பு உதவாது. கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் எல்லாம் கடலில் இருக்கும் அளவில் இருக்கவேண்டும். கரைக்கிற தண்ணீரும் சும்மா தண்ணீராக இருக்கக்கூடாது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின். கிணற்றுத் தண்ணீரில், இந்த மணல் தரையில் மலக்குழியும் கிணறும் எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், நைத்திரேற்று. நைத்திரேற்று பாசிக்குப் பசளை. ஆகவே தண்ணீரை நுண்சவ்வு வழியே வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் ஒன்று வாங்கவேண்டியிருந்தது. அது ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று லீற்றரை வெளியே தள்ளும். அந்தத் தண்ணீரில் வளவு வாழைகள் நன்றாக இருக்கின்றன.

2022 இல் டொலர் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்து மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டபோது, இந்த உப்பின் விலையைப் பார்த்துப் பலர் தொட்டியை மூடினார்கள். அண்ணனின் கேன்கள் இல்லையென்றால் நானும் மூடியிருப்பேன்.

கல், மணல், தண்ணீர் எல்லாம் வைத்தாயிற்று, பம்பும் ஓடுகிறது என்றால் மீன் விடலாமா? இல்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும். ஒரு வகைப் பக்டீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது பரவாயில்லை. கடல் நீரில் அமோனியா இன்னும் கொடியது. பீஎச் 7 இல் இருக்கும் நன்னீரோடு பார்த்தால், பீஎச் 8.2 இல் அதே அமோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கும் மேல். அந்தப் பக்டீரியாக் கூட்டம் கல்லின் துளைகளில் பெருக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், அதுவரை அதற்குச் சாப்பாடு வேண்டும். ஒரு பச்சை இறாலை நைலோன் துணியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அது அழுகி அமோனியா தரும். “இறால் விக்கிற வெலயில இதத் தண்ணிக்குள்ள போட்டு அழுக விடுறியே, மனே?” என்றார் அம்மா. நாலாம் நாள் ஹோலில் மணம் எழும்பியபோது அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை.

சோதனைக் குழாயில் அமோனியா மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு ஏறி, பிறகு மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும். அது இறங்கும்போது நைத்திரைற்றுக் குழாய் ஊதாவாகும். அந்த ஊதாவும் போய், இரண்டு குழாயும் பூச்சியத்துக்குரிய நிறத்தில் நின்றால் தொட்டி உயிர் தாங்கும். அதற்குப் பிறகு அசிங்கமான ஒரு காலம் வரும். முதலில் மண்ணிறப் படலம், பிறகு தலைமயிர்ப் பாசி. மருந்து ஊற்றாமல் நத்தைகளை விட்டுக் காத்திருக்கவேண்டும். திருகோணமலையில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் கண்ணாடியில் சுரண்டிய ஊதாத் தூளைப் போத்தலில் தந்தார். அது கல்லுப்போல் இறுகி வளரும் ஒரு பாசி. சில மாதத்தில் என் சாம்பல் சீமெந்தில் அங்கங்கே இளஞ்சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. பொட்டுகள் பரந்து ஒன்றோடொன்று முட்டின. இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் அதை முருகைக்கல் என்றே நினைக்கிறார்கள். சீமெந்து என்றால் நம்புவதில்லை.

வைகாசி பிறந்தால் என் பயம் சூடு. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். அதுதான் கச்சான். நடுப்பகலில் 35 பாகையைத் தொடும், ஓட்டு வீட்டுக்குள்ளும் அது தெரியும். தொட்டிக்கு 26, 27 பாகை நல்லது. 30 ஐத் தாண்டினால் மீன்கள் மேல்தட்டுக்கு வந்து மூச்சு வாங்கும். குளிரூட்டி வாங்கினால் காசும் கரண்டும் போகும், அது வெளியே விடும் வெக்கை அதே ஹோலுக்குள்தான் சுற்றும். நான் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி இரண்டு சின்ன மின்விசிறிகளைப் பூட்டினேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், 100 லீற்றரை ஏறக்குறைய 6 பாகை குளிர்விக்கப் போதுமானது. அறையின் சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் கையில் நிற்பது இரண்டு மூன்று பாகைதான். அது போதும்.

இதில் நான் முதலில் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. கச்சான் எவ்வளவு காய்ந்து அடிக்கிறதோ விசிறி அவ்வளவு நன்றாக வேலை செய்யும். தொட்டியைச் சூடாக்குகிற அதே காற்றுத்தான் அதைக் குளிர்விக்கவும் உதவுகிறது. வெக்கை கிளம்பி, மழை வராமல், காற்று ஈரமாய் அசையாமல் நிற்கிற புரட்டாசி நாட்கள்தான் உண்மையில் கடினம். அந்த நாட்களில் விசிறி சும்மா சுற்றும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 95 லீற்றரில் இரண்டு லீற்றர் போனால் 35 இருந்த உப்பு 35.75 ஆகும். நாளுக்கு நாள் இப்படிக் கூடினால் இறால்தான் முதலில் சாகும். எனவே போன அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை விடவேண்டும். மிதவையோடு கூடிய சின்ன வால்வு ஒன்று அதைத் தானாகச் செய்கிறது. தண்ணீர் ஆங்காங்கே தெறித்துக் காய்ந்து வெள்ளை உப்பாக வயர்மேல் ஏறும். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரும் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறவேண்டும். வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கடல் தொட்டிக்குள் கை வைக்கவேண்டாம்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், நினைவிருக்கும். விளக்கு இல்லாமல் மீன் இரண்டு மூன்று நாள் இருக்கும். காற்று இல்லாமல் இருக்காது. ஒரே சூட்டில் கடல் நீர் பிடித்து வைத்திருக்கும் ஒட்சிசன் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடு ஏற இன்னும் குறையும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று, கரண்ட் போனதும் தானாக இயங்குவது, இந்தப் பட்டியலில் ஆக மலிவான சாமான்களில் ஒன்று. விளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இனி உயிர்கள். சிறுவர்கள் எல்லோரும் தேடுகிற செம்மஞ்சள் வெள்ளைக் கோமாளி மீன் நம் கடலில் இல்லை. இங்கே இருப்பவை அதன் உறவுக்கார இனங்கள். கடையில் ஒசெல்லாரிஸ் என்ற பெயரில் கிடைக்கும் அந்தச் செம்மஞ்சள் மீன் இப்போது தொட்டியிலேயே பொரித்து வளர்த்ததாக வருகிறது. சோடியாக வாங்கினேன். இரண்டையும் குஞ்சாக விட்டால் ஆண் பெண் பார்க்கத் தேவையில்லை. எல்லாக் குஞ்சும் முதலில் ஆண்தான், பெரிதாகவும் சண்டைக்காரியாகவும் வருவது பெண்ணாகும். எங்கள் வீட்டுப் பெண், கண்ணாடி துடைக்கப் போகும் என் கையைக் கடிக்கும். கோமாளி கடலில் குடியிருக்கிற கடல் சாமந்தி என்ற உயிர் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். தொட்டியில் பிறந்த கோமாளிக்கு அது தேவையில்லை, அது பம்பின் மூலையில் படுக்கும். சாப்பாடு இறாலும் நெத்தலியும், பொடியாய் அரிந்து, சின்னக் கட்டிகளாய்க் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தது.

ஆனால் நான் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பது கோமாளியை இல்லை. விரலளவு மஞ்சள் கோபி மீன் ஒன்றும், சொடக்கு இறால் ஒன்றும் ஒரே வளையில் இருக்கின்றன. இறாலுக்குக் கண் மங்கல், ஆனால் வளை தோண்டுவதில் கெட்டி. நாள் முழுக்க மணலை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசைகளில் ஒன்று கோபியின் உடம்பில் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை ஒரு தரம் நடுக்கும், இறால் மணலைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே உள்ளே ஓடும். இன்னும் பெரிய ஆபத்தென்றால் இரண்டும் ஒன்றாக உள்ளே. ஒரு நத்தை வாசலை மறித்த நாளில் இறால் அதைத் தள்ளிப் பார்த்தது, நகரவில்லை. சுற்றிவந்து அடுத்த பக்கத்தில் புது வாசல் வெட்டியது. கோபி பழைய வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இடம் மாறியது.

இரவில் ஹோல் விளக்கை அணைத்தபின் “டக்” என்று கண்ணாடியில் கல் பட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் தரம் தொட்டி வெடித்துவிட்டதென்று ஓடிவந்தோம். இறாலின் பெரிய கொடுக்கு மூடும்போது தண்ணீர் பீறிட்டுப் பாயும். அந்தப் பாய்ச்சலில் ஒரு குமிழி தோன்றி உடனே நசியும். சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதில்லை, குமிழி நசிவதால் வருகிறது. 2000 இல் அதிவேகப் படம் பிடித்துத்தான் இதை உறுதிசெய்தார்கள். மீன் பாடும் ஊர் என்று பெயரெடுத்த மட்டக்களப்பில் எங்கள் வீட்டு மீன் எதுவும் பாடுவதில்லை, இறால்தான் சொடக்குப் போடுகிறது.

வாங்கக்கூடாதவற்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்லமாட்டார். கடல் அமைதியாய் இருக்கும் மாதங்களில் கிழக்குக் கரையில் சுழியோடிகள் அலங்கார மீன் பிடிக்கிறார்கள். ஏற்றுமதிக்குப் போகிறதில் மிச்சம் கொழும்புக் கடைகளுக்கு வரும். அதில் பவுடர் புளூ டாங் என்கிற நீல மீனைப் பார்த்தால் கை தானாகக் காசை எடுக்கும். ஆறடித் தொட்டிக்குக் குறைந்து அது வாழாது, உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி நோய் வந்து முடியும். சிங்க மீன் கோமாளியை ஒரே வாயில் விழுங்கும். எந்த மீனை வாங்கினாலும் நாலு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேருங்கள். வெள்ளைப்புள்ளி உள்ளே வந்துவிட்டால் மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டி வரும். அதற்குரிய செம்பு மருந்தை இறால் இருக்கும் தொட்டியில் ஊற்றவும் முடியாது.

வண்ணத்திப்பூச்சி மீன் வேண்டும் என்று மகள் இன்னமும் கேட்கிறாள். அவற்றில் பல இனங்கள் உயிர் முருகையைத் தவிர வேறெதையும் கொத்தாது. கடையில் கொழுகொழுவென்று நிற்கும், வீட்டில் ஒரு மாதத்தில் பட்டினியால் போகும். அதனால் அவளைச் சித்திரை விடுமுறையில் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே படகும் கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாடகைக்கு எடுக்கலாம், சோடி சோடியாகத் திரியும். போகிறவர்கள் தண்ணீருக்குள் நிற்க வேண்டுமென்றால் மணலில் நில்லுங்கள். நங்கூரத்தையும் கல்லில் போடாமல் மணலில் போடும்படி படகுக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இறங்கும் இடத்துக்குப் போனபின் சொன்னால் கேட்கமாட்டார்கள்.